கிழிசல் இப்போது யார் கையில்

எங்கள் ஊரில் மணிக்கட்டுக்குள் கிழிசல் விழுந்தால் அது விழுந்த கையிலேயே தங்காது. அடுத்து யார் கையைப் பிடிக்கிறோமோ அந்தக் கைக்குப் போய்விடும். அவர்கள் யார் கையைப் பிடிக்கிறார்களோ, பிறகு அங்கே. வலி மட்டும் முதல் ஆளை விட்டுப் போகாது. வலிக்கிற கையில் கட்டுப் போட்டுப் பிரயோசனம் இல்லை, கிழிசல் இருக்கிற கையில்தான் போட வேண்டும். போட்டுவிட்டால் அது நகராமல் அங்கேயே கிடந்து ஆறும். அது ஆறினால்தான் முதல் ஆளுக்கு வலி நிற்கும்.

அதனால் கையில் கட்டோடு யாராவது எதிரே வந்தால் எப்படி அடிபட்டது என்று நாங்கள் கேட்பதில்லை. யாருடையது என்றுதான் கேட்போம். என் கொழுந்தனாருடையது என்பார்கள். சரி, பாத்துக்கிடுங்க என்று சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம்.

எனக்கு வளையல் வியாபாரம். பெயர் சொரிமுத்து. அந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் யாருக்கும் தெரியாது, வளையல் அண்ணாச்சி என்றால் தெரியும். படிப்பு அவ்வளவாகக் கிடையாது. காது மட்டும் நன்றாகக் கேட்கும். பெட்டியைத் திறக்காமலே லேசாக ஆட்டிப் பார்த்து உள்ளே உடைசல் உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

வளையலுக்கு அளவு உண்டு. ரெண்டு நாலு, ரெண்டு ஆறு, ரெண்டு எட்டு என்று போகும். பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்தன்று என்ன அளவு போட்டார்களோ அதுதான் ஆயுசுக்கும் ஞாபகம். கை அதற்குப் பிறகு தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கும். அதை நாங்கள் சொல்லக் கூடாது. "இந்த லாட்டு கொஞ்சம் சின்னதா வந்திருக்கும்மா" என்று, வந்த சரக்கின் மேல் பழியைப் போட்டுச் சொல்லிக்கொண்டே அடுத்த அளவை எடுக்க வேண்டும். கேட்கிறவர்களும் அப்படியா என்று கேட்டுக்கொள்வார்கள். அந்த வார்த்தையில்தான் எங்கள் தொழிலே நடக்கிறது.

தபாலாபீசில் பெரிய வேலையில் இருக்கிற பிரமு அம்மாவிடம் மட்டும் அது எடுபடவில்லை. கடைக்கு வந்து உட்கார்ந்த உடனேயே, "ரெண்டு நாலு எடும். லாட்டு சின்னதுன்னு மட்டும் சொல்லாதீரும், அதை ஊரெல்லாம் சொல்லுதீர்" என்று வாயை அடைத்துவிட்டார். நான் பச்சையில் ரெண்டு நாலு எடுத்தேன். அவருடைய கைக்குச் சோப்புத் தண்ணீர் போட்டு, கட்டை விரலை உள்ளே மடக்கி, எலும்பை எலும்போடு சேர்த்து நெரித்துப் பார்த்தேன். முதல் வளையலே முட்டியைத் தாண்டவில்லை. இன்னும் கொஞ்சம் என்று திருகினேன். என் மணிக்கட்டுக்குள் நனைந்த சணல் அறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வளையல் என் பிடியிலிருந்து நழுவியது.

நழுவியது தெரியும். விழுந்த சத்தம் வரவில்லை. நான் காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. பாயை உதறிப் பார்த்தேன், பலகைக்கு அடியில் பார்த்தேன், வளையலும் இல்லை. பிரமு அம்மா கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாதம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கை வீங்கவே இல்லை, வலி மட்டும் உயிரை எடுத்தது. என் வீட்டுக்காரி உலகம்மாள் என்னை எஸ்தர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெடிக்கல் கடைக்கு மேலே மாடியில் அவருடைய ஸ்கேன் அறை. வெளியே பெஞ்சில் ஒரு பக்கம் மாசமான பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள், இன்னொரு பக்கம் மணிக்கட்டுக்காரர்கள். இருவருக்கும் ஒரே மெஷின்தான். மாசமானவர்கள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்க, மணிக்கட்டுக்காரர்கள் கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் கையை ஒருத்தர் தெரியாமல் பிடித்துவிடக் கூடாது, கணக்குக் குழம்பிவிடும்.

எக்ஸ்ரே எடுத்தால் போதாதா என்று உலகம்மாள் கேட்டாள். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், எலும்பையும் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கிற நார் தெரியாது என்றார் டாக்டர். அவர் அதை லிகமெண்ட் என்பார், நாங்கள் நார் என்போம். ஸ்கேன் என்றால் கையை ஆட்டச் சொல்லி, ஆடுகிறபோதே உள்ளே பார்த்துவிடலாமாம். நார் அறுந்திருந்தால் கையை இறுக்கி மூடும்போது எலும்புகளுக்கு நடுவில் சந்து விழுமாம்.

நுங்குத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று எதையோ என் மணிக்கட்டில் பிழிந்தார். சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை அதன் மேல் வைத்து நகர்த்தினார். மூடுங்க என்றார், மூடினேன். திறங்க என்றார், திறந்தேன். பெருவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார், சுண்டுவிரல் பக்கம் சாய்க்கச் சொன்னார். பக்கத்தில் டிவி மாதிரி இருந்த பெட்டியில் சாம்பல் நிறத்தில் மழை பெய்தது. சத்தத்தை உள்ளே அனுப்பி, அது முட்டித் திரும்பி வருகிறதை வைத்துத்தான் படம் வருகிறதாம். அந்தச் சத்தம் மனுஷக் காதுக்குக் கேட்காதாம். எனக்குக் கேட்டது. தூரத்தில் யாரோ உளுந்து வறுக்கிற மாதிரி இருந்தது.

"நார் நல்லா இருக்கு அண்ணாச்சி. வந்துட்டுப் போன தடம் மட்டும் இருக்கு" என்றார்.

பெட்டியைக் காட்டினார். ஆள் எழுந்து போன பாயில் மடிப்பு கிடக்கும் இல்லையா, அப்படி இருந்தது. அறுந்தபோது யார் கையைப் பிடித்திருந்தேன் என்று கேட்டார். சொன்னேன்.

பிரமு அம்மா லேசில் வரவில்லை. மணிக்கட்டை யாரும் அளக்கக் கூடாது என்று சொல்லியனுப்பி, டாக்டர் அதற்குச் சரி என்ற பிறகுதான் வந்தார். வரும்போதே கைக்கு மேல் ஒரு துண்டைப் போர்த்தியிருந்தார். பெட்டியில் ஓரத்தில் ஏதோ எண்கள் ஓடுவதைப் பார்த்துவிட்டு அதை அணைக்கச் சொன்னார். டாக்டர் அந்த இடத்தில் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்தார். பிரமு அம்மா மூடினார், திறந்தார், சாய்த்தார். அவர் கையிலும் கிழிசல் இல்லை. தடம் மட்டும் இருந்தது, என் கையில் இருந்ததைவிடப் புதிதாக.

அப்புறம் யார் கையைப் பிடிச்சீங்க என்று டாக்டர் கேட்டார். பிரமு அம்மா என்னைப் பார்க்காமல் உலகம்மாளைப் பார்த்துச் சொன்னார்.

"உங்க வீட்டு வழியாத்தானே போனேன். உங்க மக வாசல்ல நின்னா. வயித்துப் பிள்ளைக்காரின்னு கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லிட்டுப் போனேன்."

உலகம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆவுடை எங்களுக்கு ஒரே மகள். உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தோம், மாப்பிள்ளை துபாயில் இருப்பதால் எங்களோடு இருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. கிழிசல் அவள் கையில் இருந்தால் அவள் கைக்குத்தான் கட்டுப்போட வேண்டும். கட்டுப்போட்ட கையில் வளையல் ஏறாது. எங்கள் ஊரில் வயிற்றுப் பிள்ளைகள் வளைகாப்பன்று வலது கை வளையல் சத்தத்தைக் கேட்டுத்தான் வாசல் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்கின்றன. கேட்காத பிள்ளைக்கு வழி தெரியாது. மேலத்தெருவில் ஒரு வளைகாப்பின்போது பக்கத்தில் பேண்டு செட்டு கொட்டிக்கொண்டு போனதில் வளையல் சத்தம் அமுங்கிவிட்டது. அந்தப் பிள்ளை வளர்ந்து இப்போது பேங்கில் வேலை பார்க்கிறது. இன்னமும் எந்த வீட்டுக்குள்ளும் பின்பக்கமாகத்தான் நுழையும். அதுவாவது அரைகுறையாகக் கேட்டது.

எனக்கு எதுவும் ஓடவில்லை. வலி என் கையில் இருந்தது. கிழிசல் என்னுடையதுதான், ஆனால் என்னிடம் இல்லை. மகள் கையில் இருக்கிற என் கிழிசலைக் கொடு என்று யாரிடம் கேட்பது? கையை மூடி மூடித் திறந்தேன். எது என் கை என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் என்னை விலகி உட்காரச் சொன்னார், அப்போதுதான் தெரிந்தது.

உலகம்மாளுக்கு வழி தோன்றியது. ஆவுடை என் கையைப் பிடித்தால் கிழிசல் எனக்கே திரும்பிவிடும். உடனே எனக்குக் கட்டுப்போட்டுவிடலாம். வீட்டுக்குப் போய், விஷயத்தைச் சொல்லி, ஆவுடையை ஆட்டோவில் ஏற்றினோம். வழியெல்லாம் அவள் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்னப் பிள்ளையில் திருவிழாவில்கூட அவள் என் கையை இப்படிப் பிடித்தது கிடையாது. ஆட்டோக்காரர் எங்களைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இறங்கும்போது கையை நீட்டாமல் துண்டை விரித்து வாடகையை வாங்கிக்கொண்டார்.

டாக்டர் முதலில் என் கையைப் பார்த்தார். பழைய தடம் மட்டும்தான். ஆவுடையின் கையைப் பார்த்தார். அவள் மூடினாள், திறந்தாள். எனக்கு வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். கிழிசல் இருக்கிற கை அசைந்தால் வலிக்காரனுக்குச் சுருக்கென்று வர வேண்டும். வரவில்லை. அவள் மணிக்கட்டிலும் தடம்தான் இருந்தது. சந்தேகத்துக்கு உலகம்மாளின் இரண்டு கைகளையும் பார்த்தார். அவற்றில் தடம்கூட இல்லை.

"அப்புறம் யாரைப் பிடிச்சே ஆவுடை? நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றார் டாக்டர்.

"யாரையும் பிடிக்கலை டாக்டர். பிரமு அத்தை போனதுமே பிள்ளை உதைச்சுது. இந்தா இப்படி வயித்துல கையை வச்சேன். உள்ளேயிருந்து அதுவும் கையை வச்சுது. அவ்வளவுதான்."

டாக்டர் ஆவுடையைப் படுக்கச் சொல்லி, அதே ஜில்லை வயிற்றில் பிழிந்தார். பிறகு பெட்டியை எங்கள் பக்கமாகத் திருப்பி, பாதியைத் துணியால் மூடினார். ஆணா பெண்ணா என்று காட்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, சுவரில் போர்டும் இருக்கிறது. மணிக்கட்டை மட்டும் காட்டுவதாகச் சொன்னார்.

சாம்பல் மழைக்குள் ஒரு கை இருந்தது. அவரைப் பிஞ்சு அளவுக்குத்தான் இருக்கும். மணிக்கட்டில் வளையல் கிடந்தது. பெட்டியில் எல்லாம் சாம்பலாகத்தான் தெரிந்தது, இருந்தாலும் அது பச்சை என்று எனக்குத் தெரியும். ரெண்டு நாலு. நான் பார்த்தவரைக்கும் அளவு சரியாக இருந்தது.

"வளையல் போட்டிருக்கிறதை வச்சு ஆணு பொண்ணுன்னு எதுவும் நினைச்சுக்கிடாதீங்க" என்றார் டாக்டர். நாங்கள் இல்லை என்று தலையாட்டினோம்.

சோப்புக்கட்டியை வயிற்றின் மேல் சாய்த்துப் பிடித்து, மூடுங்க என்றார். பிள்ளை மூடியது. இரண்டு எலும்புகளுக்கு நடுவில் நூல் போகிற அளவுக்குச் சந்து விழுந்தது. எலும்பு என்றாலும் எலும்பு இல்லை, வெள்ளரி விதை. எனக்குச் சுருக்கென்று முழங்கை வரைக்கும் ஏறியது. வலிக்குதா என்று டாக்டர் வயிற்றைப் பார்த்துக் கேட்டார். வலிக்குது என்று நான் சொன்னேன்.

கட்டுப்போட வழியில்லை. கையை ஆட்டாமல் வைத்திருந்தால் போதும், பிஞ்சுக் கை சீக்கிரம் கூடிவிடும் என்றார் டாக்டர். உள்ளே பிடிப்பதற்கு வேறு கை இல்லாததால் கிழிசல் இனிமேல் எங்கேயும் போகாது, அது ஒரு வசதி. ஆனால் ஆட்டிக்கொண்டே இருந்தால் நார் ஒட்டாது, பிறந்த பிறகும் அந்தக் கை எதையும் இறுக்கிப் பிடிக்காது. வளையல் சத்தம் கேட்டால் வயிற்றுப் பிள்ளை கையை ஆட்டாமல் இருக்காது என்பது எங்களுக்கே தெரியும்.

எப்போது ஆறியது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டேன். அதுவே சொல்லும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"சத்தம் கேக்கலைன்னா அதுக்கு வழி தெரியாது. கேட்டா கை போயிரும். நான் எதை செய்யட்டும்ப்பா?"

அறுத்தது என் கை. இவ்வளவு வருஷம் வளையலைச் சத்தத்துக்காகத்தான் விற்றிருக்கிறேன். சத்தம் நல்லா இருக்கா என்று கேட்டுத்தான் வாங்குவார்கள். சத்தமில்லாத வளையல் ஒன்று கொடுங்கள் என்று யாரும் கேட்டது கிடையாது.

உலகம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். தன் கை வளையல்களைக் கழற்றிப் பழைய சேலைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்தாள். "கையிருந்தா வழியைத் தட்டித் தடவியாவது கண்டுபிடிக்கும். முதல்ல கை ஆறட்டும்" என்றாள். வளைகாப்பை நிறுத்த வேண்டாம், சத்தமில்லாமல் நடத்துவோம் என்றும் சொன்னாள். ஆவுடை கொஞ்சம் யோசித்துவிட்டு சரி என்றாள். எனக்கு அது சரியா தப்பா என்று விளங்கவில்லை. இரண்டு பேரும் சரி என்றபோது நானும் சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். தங்கள் வளையல்களுக்கு நடுவில் நனைத்த நூலைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். கொலுசைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார்கள். பாட்டு இல்லை. குலவை போட வேண்டிய நேரத்தில் வாயைத் திறந்து, சத்தம் வராமல் நாக்கை மட்டும் ஆட்டினார்கள். தாம்பாளத்தைத் துணி விரித்து வைத்தார்கள். மணையில் ஆவுடை பட்டுச் சேலை கட்டி, கன்னத்தில் சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

வளையல் ஏற்ற நான்தான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளையலையும் விளக்கெண்ணெயில் தொட்டு, முந்தினதன் மேல் இடிக்காமல், மூச்சைப் பிடித்து ஏற்றினேன். ஒவ்வொன்றுக்கும் என் மணிக்கட்டில் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது. கண்ணாடி கண்ணாடியைத் தொடும். தொட்டாலும் பேசாமல் இருக்கும்படி வைத்தேன். இரண்டு கைகளும் முழங்கை வரைக்கும் நிறைந்தன. ஒரு கிணுக் இல்லை. அந்த அமைதியில் எனக்குத் தெருமுனையில் நாய் கொட்டாவி விடுவது கேட்டது.

மகளுக்கு ஏற்றி முடித்தால் வந்தவர்களுக்கும் போட வேண்டும், அது முறை. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, பேச முடியாததால் விரலால் அளவு காட்டினார்கள். பிரமு அம்மா முறை வந்தது. முதலில் இரண்டு விரல் காட்டினார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். இரண்டு கைகளையும் தூக்கி எட்டு விரல் காட்டினார். நான் ரெண்டு எட்டு எடுத்துப் போட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. அவர் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார், கையை ஆட்ட மட்டும் இல்லை.

அப்போது சத்தம் கேட்டது.

யார் கையிலும் இல்லை. எல்லோர் கையும் மடியில் கிடந்தது. மறுபடியும் கேட்டது. ஒற்றை வளையல் தன்பாட்டில் சத்தம் போடாது, எதன் மேலாவது தட்ட வேண்டும். இது தட்டுகிற சத்தம். மெதுவாக, விட்டு விட்டு, மரியாதையாகத் தட்டியது. ரெண்டு நாலு, பச்சை. ஆவுடையின் கண் பெரிதாகி என்னைப் பார்த்தது. நான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுருக்கென்று வரப்போவதற்காகக் காத்திருந்தேன். தட்டியது, வரவில்லை. பலமாகத் தட்டியது, வரவில்லை.

"யப்பா, வலிக்குதா?" என்றாள் ஆவுடை. அன்றைக்கு அந்த வீட்டில் முதல் பேச்சு அதுதான்.

"இல்லட்டி. இல்ல" என்றேன்.

யாராவது தட்டினால் திறக்க வேண்டும் இல்லையா. உலகம்மாள் எழுந்தாள். கூடத்தில் நான்கு பக்கமும் சுவராக இருந்தது. வளையல் சத்தம் கேட்காத பிள்ளைகள் மாதிரி, காலையில் எந்தப் பக்கமாக உள்ளே வந்தோம் என்று எங்களில் யாருக்கும் நினைவில்லை. சத்தம் வந்த பக்கமாகக் கையை நீட்டிக்கொண்டே போனாள், வாசல் அங்கேதான் இருந்தது. திறந்தாள். வெளிச்சம் வந்து எல்லோரும் கண்ணை இடுக்கிக்கொண்டோம்.

ஒவ்வொருவராகக் குனிந்து வெளியே வந்தோம். வாசலில் எஸ்தர் டாக்டர் வெள்ளைத் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். வருகிறவர்களை வாங்கி, முகத்தைத் துடைத்து, ஓரமாக வெயிலில் நிறுத்தினார். பிரமு அம்மாதான் முதலில் அழுதார். நல்ல குரல், பயமில்லை என்றார் டாக்டர். பிறகு மற்றவர்களும் அழுதார்கள். என்னை முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார், எனக்கும் அழுகை வந்தது.

ஆவுடை கை நிறைய வளையல் குலுங்கக் கடைசியில் வந்தாள். அவளுக்கும் பின்னால் பிள்ளை வந்தது. வலது கையால் கதவை நன்றாக இழுத்துச் சாத்திவிட்டு வந்தது.

பிறந்த பிள்ளைகளுக்குக் கட்டுகிற மாதிரி, டாக்டர் எல்லோருக்கும் மணிக்கட்டில் தாய் பெயர் எழுதிய பட்டையைக் கட்டினார். யாருடையது என்று கேட்டுக் கேட்டுக் கட்டினார். என் முறை வந்தபோது, ஆவுடையுடையது என்று உலகம்மாள் சொன்னாள். டாக்டர் பட்டையை என் மணிக்கட்டில் சுற்றி இழுத்துப் பார்த்தார். முனைகள் இரண்டும் ஒன்றையொன்று எட்டவில்லை.

"இந்த லாட்டு கொஞ்சம் சின்னதா வந்திருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அடுத்த அளவை எடுத்தார்.